மைசூரின் இரட்டைக் கோபுரத் தேவாலயம் - ஒரு வரலாற்றுப் பார்வை

மைசூரில் குடியிருக்கும் தமிழர் ஒவ்வொருவருக்கும் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு. தசராவுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு வழிகாட்டியாக இருப்பதுதான் அது. அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சிசாலை, பிருந்தாவனத் தோட்டம் ஆகிய நான்கும் முடிந்தபிறகு ஐந்தாவதாக 'சர்ச்'சுக்குப் போவோம். அசோகா சாலையில் ஆட்டோ திரும்பும்போதே தலைக்கு மேலே இரண்டு கூர்முனைகள் தெரியும். வண்டியில் பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு கும்பகோணத்திலிருந்து என் சித்தப்பா வந்திருந்தார். கோவில் நகரத்துக்காரர், கோபுரம் என்றால் அவருக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதைக் கட்டினது யாரு? வெள்ளைக்காரனா, ராஜாவா?" என்று கேட்டார். "ரெண்டு பேரும்தான் சித்தப்பா" என்று சொல்லிச் சமாளித்தேன். வீடு திரும்பிய பின்தான், நாற்பது ஆண்டுகளாக இந்த ஊரில் இருந்தும் எனக்கு விவரம் தெரியவில்லையே என்று உறைத்தது. அதன் பிறகு தேடிப் படித்தவற்றைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நான் கிறிஸ்தவன் அல்லன். வழிபாட்டு நுட்பங்களில் பிழையிருந்தால் பொறுத்தருள்க.

இப்போது நாம் காணும் கட்டடத்துக்கு முன்பே அதே இடத்தில் ஒரு தேவாலயம் இருந்தது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1843இல் எழுந்தது அது. இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1831லேயே ஆங்கிலேயர் நிர்வாகத்தைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டுவிட்டனர். மார்க் கப்பன் என்ற கமிஷனர் பெங்களூரிலிருந்து நாட்டை நடத்திக்கொண்டிருந்தார். மன்னர் மைசூர் அரண்மனையில் பெயரளவில்தான் மன்னர். ஆட்சி கையில் இல்லாத அந்த மன்னர் காலத்தில் எழுந்த அந்தக் கோவிலின் கல்வெட்டு ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒளியுலகையும் மண்ணுலகையும் எல்லா உயிர்களையும் படைத்துக் காத்து ஆளும் ஒரே இறைவனின் பெயரால், இயேசு மனிதராகப் பிறந்து 1843 ஆண்டுகள் சென்றபின் இது கட்டப்பட்டது என்பது அதன் சாரம். படித்துப் பாருங்கள். நம் காவியங்களின் கடவுள் வாழ்த்தில் வரும் படைத்தலும் காத்தலும் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கின்றன. எழுதியவர் எவராயினும் இந்த மண்ணின் மொழிவழக்கில் தோய்ந்தவர் என்றே எனக்குப் படுகிறது.

அதற்கும் முன்னால் போனால் அபே துபுவா வருவார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின், சிதறிப்போயிருந்த மைசூர்ப் பகுதிக் கத்தோலிக்கர்களைத் திரட்ட வந்த பிரெஞ்சுப் பாதிரியார் அவர். பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். இந்நாட்டு உடையும் உணவும் பழக்கமும் ஏற்று வாழ்ந்தவர். அம்மை குத்தும் பணியில் அரசாங்கத்துக்கு உதவியவர். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் பெயரில் வந்த நூல் உலகப் புகழ் பெற்றது. (அதில் பெரும்பகுதி அவருக்கு முந்திய இன்னொரு பாதிரியாரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்று பிற்கால ஆய்வாளர் காட்டியிருக்கிறார்கள்; அது வேறு கதை.) சபையின் தலைமையிடம் பாரிஸ். தென்னாட்டில் அவர்கள் முதலில் வேரூன்றிய இடம் புதுச்சேரி. மைசூருக்குக் கிறிஸ்தவம் வந்த வழிகளில் ஒன்று தமிழ்நாட்டின் ஊடாக வந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

இனி நம் காலத்துக் கோவிலுக்கு வருவோம். இதன் கதை செங்கல்லில் தொடங்கவில்லை. ஒரு சிறு எலும்புத் துண்டில் தொடங்குகிறது. அரசரின் ஹுசூர் காரியதரிசியாக இருந்தவர் தம்புச் செட்டியார். கீழை இந்தியப் பகுதிகளுக்குப் போப்பாண்டவரின் தூதராக இருந்த பீட்டர் பிசானியிடமிருந்து 1926இல் அவர் புனித பிலோமினாவின் திருப்பண்டம் ஒன்றைப் பெற்றார். அதை கோஷே என்ற பாதிரியாரிடம் ஒப்படைத்தார். அந்தப் புனிதைக்கு ஒரு கோவில் எழுப்ப உதவ வேண்டும் என்று கோஷே மன்னரை அணுகினார். மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். திவான் மிர்ஸா இஸ்மாயில். சாமுண்டீஸ்வரியின் அடியாரான மன்னர், இஸ்லாமியரான திவான், கத்தோலிக்கரான காரியதரிசி. இந்த மூவரும் ஒரே சமஸ்தானத்தில் ஒரே நேரத்தில் பொறுப்பில் இருந்தார்கள் என்பதே அன்றைய மைசூரைப் பற்றிப் பல பக்கங்கள் சொல்லும்.

தம்புச் செட்டியார் குடும்பத்தைப் பற்றி நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதே குடும்பத்தின் மூத்தவர் டி.ஆர்.ஏ. தம்புச் செட்டியார் (1837 - 1907). மைசூர்த் தலைமை நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். திவான் இல்லாத வேளைகளில் அப்பொறுப்பையும் வகித்தவர். அவருடைய முதல் இனிஷியல் 'டி' எதைக் குறிக்கிறது என்கிறீர்கள்? திருச்சிராப்பள்ளி! மலைக்கோட்டை ஊரைப் பெயரில் சுமந்துகொண்டு மைசூர் அரசின் உச்சிவரை ஏறிய குடும்பம் அது. வேலை தேடி வெளியூர் போய், போன ஊரிலேயே நிலைத்து, அந்த ஊருக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். அவர்களுக்கு இவர்கள் மூத்தவர்கள்.

1933ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் நால்வடியார் அடிக்கல் நாட்டினார். இறைவனின் கருணை, மனிதரின் நன்றி என்னும் இரண்டு அடித்தளங்களின் மேல் இக்கோவில் உறுதியாக நிற்கும் என்ற கருத்துப்பட அன்று அவர் பேசினார். வரைபடம் தந்தவர் டேலி என்னும் பிரெஞ்சுக்காரர். கட்டடத்தின் ஆண்டாக 1936ஐயும், வேலை நிறைவேறிய ஆண்டாக 1941ஐயும் நூல்கள் தருகின்றன. "ஆயர் ரெனே ஃபூகா கட்டினார்" என்று வழிகாட்டிகள் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1933இல் மைசூர் மேற்றிராசனத்தின் தலைமையிடம் பெங்களூர். ஆயராக இருந்தவர் மோரிஸ் தெபாத்யூர். 1940இல்தான் பெங்களூர் தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. 1941இல் மைசூருக்கென்று ஆயராக ஃபூகா வந்தார். ஆகவே, அடிக்கல் விழும்போது இது ஒரு பங்குக் கோவில். வேலை நிறைவேறும்போது ஆயரின் இருக்கை அமைந்த பேராலயம். கட்டடம் வளர வளர அதன் பதவியும் வளர்ந்தது. ஃபூகா 1962 வரை ஆயராக இருந்தார். பன்னிமண்டபத்தில் உள்ள பிலோமினா கல்லூரியும் அவர் காலத்தில், 1946இல் தொடங்கியதுதான். அதில் படித்த நம் வீட்டுப் பிள்ளைகள் பலர்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரட்டைக் கோபுரங்கள் 175 அடி. அரண்மனையின் நடுக்கோபுரம் 145 அடி. பழைய மர அரண்மனை 1897இல் எரிந்தபின், ஹென்றி இர்வின் வரைந்து 1912இல் முடித்த அரண்மனை அது. (சென்னை உயர்நீதிமன்றத்தைப் பார்த்தவர்களுக்கு இர்வின் அந்நியர் அல்லர்.) அதாவது தம் அரண்மனையைவிட முப்பது அடி உயரமாக எழப்போகும் மாற்றுச் சமயக் கோவிலுக்கு மன்னரே வந்து கல் வைத்திருக்கிறார். அவர் அடிக்கணக்குப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

"ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் இதைவிட உசரம்" என்றார் சித்தப்பா. உண்மைதான். 1987இல் நிறைவேறிய அது 236 அடி. ஆனால் இரண்டும் நிற்கிற முறை வேறு. நம் கோபுரம் அகன்ற அடியிலிருந்து மேலே போகப்போகக் குறுகி, தன் பாரத்தைத் தானே நேராகக் கீழே இறக்கிவிடும். மண்டபமோ தூணும் உத்திரமும். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. உத்திரக் கல் நீண்டால் நடுவில் விரிசல் விடும். அதனால் தூண்களை நெருக்கி நெருக்கி நட வேண்டியிருக்கிறது. ஆயிரங்கால் மண்டபத்துக்கு ஆயிரம் கால் வந்த காரணத்தில் அழகு பாதி, கல்லின் குணம் பாதி!

கோதிக் முறை இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு பிரான்ஸில் பிறந்த முறை அது. உத்திரத்துக்குப் பதில் கூர்முனை வளைவு. இரண்டு கைகளையும் விரல்நுனி தொடக் கூப்பினால் எப்படி இருக்கும்? அதே வடிவம்தான். அரைவட்ட வளைவு பக்கச் சுவரை வெளியே தள்ளும் வேகம் அதிகம். கூர்வளைவில் அது குறைவு. கூரைப் பாரம் எலும்புபோன்ற விலாக் கம்பைகள் வழியாக ஓடி, குறிப்பிட்ட தூண்களில் மட்டும் வந்து இறங்கும். தூண்களுக்கு இடைப்பட்ட சுவருக்கு வேலையே இல்லாமல் போகும். வேலையில்லாத சுவரை எடுத்துவிட்டு அங்கே வண்ணக் கண்ணாடியை வைத்தார்கள். சூரியனே உள்ளே வந்து சித்திரம் எழுதும். மைசூர்ப் பேராலயத்தின் நடுக்கூடத்தில் எண்ணூறு பேர் நிற்கலாம். அத்தனை பேருக்கும் பீடம் தெரியும், தூண் மறைக்காது. கட்டடத்தின் தளவடிவம் சிலுவை. நீண்ட தண்டு நடுக்கூடம். கைகள் இருபக்கக் கூடங்கள். இரண்டும் சந்திக்கும் இடம் கடந்து பலிபீடம். சாளரங்களில் இயேசுவின் பிறப்பு, கடைசி இராவுணவு, சிலுவைப்பாடு, உயிர்ப்பு, விண்ணேற்றம் என்று கதை ஓடுகிறது. எழுத்தறியாதவருக்கும் புரியும். நம் கோவில் சுவரோவியங்களும் சுதைச் சிற்பங்களும் செய்யும் வேலையைத்தான் அவை செய்கின்றன.

இது ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தைப் பார்த்துக் கட்டியது என்பார்கள். நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். சாயல் உண்டு. அளவில் ஒப்பிட முடியாது. கொலோன் கோபுரங்கள் 515 அடி. நம்முடையது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. கொலோன் வேலை தொடங்கியது 1248இல். பதினாறாம் நூற்றாண்டில் பாதியில் நின்றுபோனது. முந்நூறு ஆண்டுக்காலம் முடியாத கோபுரத்தின் உச்சியில் பழைய பாரந்தூக்கி ஒன்றுதான் நின்றுகொண்டிருந்ததாம். மறுபடியும் கல் வைத்தது 1842இல். முடித்தது 1880இல். அதாவது நாம் 'பழங்காலத்து' என்று நினைக்கும் அந்தக் கூர்முனைகளே பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு! பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு புதிதாக எழுப்பியவை. கொலோனில் மறு அடிக்கல் விழுந்த அடுத்த ஆண்டில் மைசூரில் முதல் கோவில் எழுந்திருக்கிறது. ஆகவே மைசூர்க் கோவிலை 'நகல்' என்று தள்ளுகிறவர்கள், மூலமே ஒரு மறுமலர்ச்சி என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்த மறுமலர்ச்சி அலை நம் பக்கத்திலும் நன்றாகவே அடித்தது. பெங்களூர் சிவாஜி நகரின் புனித மரியன்னை பேராலயம் 1882, சென்னைச் சாந்தோம் 1896, திருச்சியின் லூர்து அன்னை கோவிலும் அதை ஒட்டிய ஆண்டுகள். புதுச்சேரியின் திரு இருதய ஆலயம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். மைசூர் இந்த வரிசையில் மிகவும் பிந்தி வந்த பிள்ளை. டேலியின் சொந்த நாடான பிரான்ஸிலேயே, பாரிஸ் அருகே ரான்ஸியில், ஓகுஸ்த் பெரே 1923லேயே முழுக்க கான்கிரீட்டில் ஒரு கோவிலைக் கட்டி முடித்துவிட்டார். நம் புதுச்சேரியில் அதே 1930களில் தொடங்கிய கோல்கொண்டா விடுதியோ அலங்காரமே இல்லாத நவீனக் கட்டடம். கட்டடக்கலை ஆசிரியர் ஒருவரிடம் பேசினால், 1933இல் கோதிக் என்பது காலம் தப்பிய ஆசை என்பார். இருக்கட்டும். 1933இல் மைசூரில் ஒரு பாமரர் கண்ணை மூடி 'தேவாலயம்' என்று நினைத்தால் எந்த உருவம் வந்திருக்கும்? அந்த உருவத்தைத்தான் அவர்கள் கட்டினார்கள். நாமும் இன்று புதிதாகக் கோவில் கட்டினால் சோழர் விமானத்தைத்தானே கேட்கிறோம்?

இப்போது பெயருக்கு வருவோம். எனக்கு இந்தத் தேடலில் மிகவும் ஆழமாகத் தைத்தது இதுதான்.

யார் இந்த பிலோமினா? 1802 மே மாதம், ரோம் நகரில் பிரிசில்லா நிலவறைக் கல்லறைகளைத் தோண்டியபோது மூன்று ஓடுகளால் மூடிய ஒரு சிறு புதைகுழி கிடைத்தது. உள்ளே ஓர் இளம்பெண்ணின் எலும்புகள். ஓடுகளில் எழுத்துகள்: 'லூமேனா', 'பாக்ஸ் தே', 'கும் ஃபி'. அப்படியே படித்தால் பொருள் இல்லை. முதல் ஓட்டை எடுத்துக் கடைசியில் வைத்தால், 'பாக்ஸ் தேகும் ஃபிலுமேனா' - அமைதி உன்னோடு, ஃபிலுமேனா - என்று வரும். பெயர் கிடைத்துவிட்டது. கூடவே நங்கூரம், அம்பு, ஓலை முதலிய குறிகள். வேத சாட்சியாக உயிர்விட்ட கன்னி என்று முடிவு கட்டினார்கள். 1805இல் எச்சங்கள் நேப்பிள்ஸ் பக்கத்து முஞ்ஞானோ என்ற ஊருக்குப் போயின. அவளுடைய வாழ்க்கைக் கதை, 1833இல் ஒரு கன்னியாஸ்திரீ கண்ட காட்சிகளிலிருந்து வந்தது. சரியாக நூறு ஆண்டு கழித்து மைசூரில் அடிக்கல்!

1835இல் லியோன் நகரத்துப் பவுலின் ஜாரிகோ என்ற அம்மையார் முஞ்ஞானோ சென்று தீராத நோய் தீர்ந்து திரும்பினார். மறைபரப்புப் பணிகளுக்காக வாரம் ஒரு சல்லி என்று ஏழைகளிடம் காசு திரட்டும் சங்கத்தை 1822இல் தொடங்கக் காரணமானவர் இவர்தான். அந்தக் காசு நம் நாட்டுக்கு வந்த பிரெஞ்சுப் பாதிரியார்களையும் தாங்கியது. 1837இல் போப்பாண்டவர் பிலோமினாவுக்குத் திருநாள் கொண்டாட அனுமதித்தார். ஆர்ஸ் என்ற சிற்றூரின் பங்குக் குரு ஜான் வியான்னி தம்மிடம் நடந்த புதுமைகளையெல்லாம் இவளுடைய கணக்கில்தான் எழுதினார். அந்த வியான்னிக்கே 1925இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1926இல், மைசூருக்குத் திருப்பண்டம். இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று எழுதிவைத்த சான்று எதையும் நான் காட்டவில்லை. ஆனால் பிரெஞ்சுக் குருக்களின் நெஞ்சில் பிலோமினா ஏன் அவ்வளவு அருகில் இருந்தாள் என்பது இதனால் விளங்குகிறது.

1904இலேயே மருக்கி என்ற தொல்லியலாளர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பியிருந்தார். ஓடுகள் வரிசை மாறி இருப்பது, வேறொரு கல்லறையில் இருந்த பழைய ஓடுகளை எடுத்து மறுபடி பயன்படுத்தியதால்தான் என்பது அவர் வாதம். அப்படியானால் உள்ளே கிடந்த பெண்ணுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. 1961 பிப்ரவரியில் ரோம், பிலோமினாவின் திருநாளை வழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து எடுத்துவிட்டது. மைசூர்க் கோவில் நிறைவேறி இருபதே ஆண்டுகள்!

"அப்ப அவங்களே சாமி இல்லன்னுட்டாங்களா?" என்று சித்தப்பா பதறிவிட்டார். அப்படி இல்லை. நாட்காட்டியிலிருந்துதான் எடுத்தார்கள், தனிப்பட்ட பக்திக்குத் தடை போடவில்லை. பேராலயத்துக்குப் புனித சூசையப்பரின் பெயரும் உண்டு. ஆனால் ஆட்டோக்காரரிடம் 'சூசையப்பர் கோவில்' என்று சொல்லிப் பாருங்கள், எங்கேயோ கொண்டுபோய் விடுவார். 'பிலோமினா' என்றால் மட்டும்தான் வண்டி இங்கே நிற்கும். ஆகஸ்ட் 11 என்றால் பிலோமினா திருநாள் என்பது இந்த ஊருக்குத் தெரியும். நம் ஊர்ப்புறங்களில் பெயர் தெரியாத கன்னிப் பெண்ணைப் புதைத்த மேட்டில் விளக்கேற்றிக் கும்பிடுகிறோம். என்ன பெயர், எந்த ஆண்டு என்று கேட்டால் பூசாரி சிரிப்பார். ஆராய்ச்சி ஒரு தளம், வணக்கம் இன்னொரு தளம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிப் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

பெயர் தப்பித்துக்கொண்டது. கட்டடம்தான் கவலைக்குரியது. பழுதுபார்ப்பதற்காகக் கோபுரங்களில் சாரம் ஏறியிருந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். கோதிக் கட்டடம் பராமரிப்புக்குப் பிடிவாதக்காரப் பிள்ளை. தட்டையான மாடியில் ஒரு வடிகால் போதும். இங்கே கூரைகள் சந்திக்கும் பள்ளங்கள், சிறு சிறு கூம்புகள், இணைப்புகள் எத்தனை! ஒவ்வொன்றிலும் மழைநீர் தங்கும். பறவை எச்சத்தோடு விழுந்த ஓர் அரச விதை இணைப்பில் முளைத்தால் போதும். வேர் உள்ளே புகுந்து கல்லையும் பிளக்கும். கோபுரம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வண்ணக் கண்ணாடியின் கஷ்டம் வேறு. துண்டுகளை இணைப்பது மெல்லிய ஈயப் பட்டை. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி, ஆண்டுகள் போகப்போக ஈயம் களைத்துவிடும், சாளரம் வயிறு தள்ளும், கண்ணாடி விலகும். அந்த இடத்தில் கடைக் கண்ணாடியை வெட்டி ஒட்டினால் மழை நிற்கும், சித்திரம் போய்விடும். ஈயவேலை தெரிந்தவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கோவில் கோபுரங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று நம் முன்னோர் ஒரு வழக்கத்தை வைத்தார்கள். சாரம் கட்டி, செடி பிடுங்கி, சுதை பூசி, வண்ணம் தீட்டும் பராமரிப்புத் திட்டம் அது. சடங்கின் பெயரில் செய்த பொறியியல். இந்தக் கோவிலுக்கும் அப்படி ஒரு சடங்கு இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

பலிபீடத்துக்குக் கீழே நிலவறை இருக்கிறது. குறுகலான படிகளில் இறங்கினால், கண்ணாடிக்குள் பிலோமினா படுத்த கோலத்தில் இருக்கிறாள். மேலே அத்தனை உயரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கே தலையைக் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே ஒருவர் பின் ஒருவராக நகர வேண்டும், நின்று பேச இடமில்லை. சித்தப்பா மட்டும் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். ஒரு நிமிஷம் பார்த்தவர், செருப்பை வெளியே விட்டுத்தான் வந்திருக்கிறோமா என்று தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு கன்னத்தில் இரண்டு தடவை போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

வெளியே வந்ததும், "அந்தத் திருச்சிக்காரர் பேரு என்ன சொன்ன?" என்றார். "தம்புச் செட்டியார்" என்றேன். ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.